அழிவின் விளிம்பில் உள்ள நன்னீர் ஆமையை வளர்ப்பிடத்தில் பெருக்கி மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுந்தரவனத்தில் சஜ்னேகாலி என்றொரு இடம். அங்கே வனத்துறை வளாகத்துக்குள் இருக்கும் குளத்தில் 2008-ல் தேடிப் பார்த்தபோது எட்டு ஆண், மூன்று பெண் என்று பட்டாகூர் பாஸ்கா என்ற பெரிய ஆற்று ஆமைகள் கிடைத்தன. வங்காள முகத்துவாரங்களில் ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாகக் கரையேறி முட்டையிட்ட இனம் இது. இறைச்சி கல்கத்தா சந்தைக்குப் போனது, முட்டைகளை மணலிலிருந்து தோண்டி எடுத்துத் தின்றார்கள், மிச்சம் இருந்தவை மீன் வலையில் மூச்சு முட்டிச் செத்தன.

மூன்று பெண் ஆமைகளை வைத்து ஓர் இனத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? இதே கணக்கோடு ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை ஒட்டிய சதுப்பு ஆமை 1980-களின் இறுதியில் காட்டிலும் வளர்ப்பிடத்திலும் சேர்த்தே ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. பெர்த் விலங்கியல் பூங்காவில் முட்டையிடும் வயதில் மூன்றே பெண்கள். அங்கே பிறந்த குஞ்சுகளின் எண்ணிக்கை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஆகவே முடியும். ஆனால் இந்த வேலையில் எதை எண்ணுகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். செய்திகளில் குஞ்சுகளைத்தான் எண்ணுவார்கள். படமும் அதுதான் நன்றாக வரும். திட்டம் நிற்பதும் விழுவதும் முதிர்ந்த பெண் ஆமைகளை வைத்துத்தான். கீழே உள்ள படிகள் எல்லாவற்றையும் அவளைச் சுற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரு வார்த்தை, தொடங்கும் முன்பே. இது வீட்டுத் தொட்டிக்கான குறிப்பு அல்ல. பட்டாகூர் பாஸ்கா இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்திலும் முதல் பட்டியலில் உள்ளது. இத்தகைய இனங்களைத் தொடவே அனுமதி வேண்டும். வனத்துறை, விலங்கியல் பூங்கா, கால்நடை மருத்துவர், ஆய்வாளர், தன்னார்வலர் என்று சேர்ந்து நடத்தும் திட்டத்தில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: வளர்ப்பிடம் தேவையா என்று முதலில் பாருங்கள்

நன்னீர் ஆமையின் வாழ்க்கைக் கணக்கு விசித்திரமானது. பத்து, பதினைந்து வயது ஆனால்தான் பல இனங்களில் பெண் முட்டையிடத் தொடங்கும். இட்ட முட்டைகளில் பெரும்பாலானவை நரிக்கும் உடும்புக்கும் நாய்க்கும் போகும். பொரித்த குஞ்சுகளிலும் மிஞ்சுவது ஏதோ சில. இந்த இழப்பையெல்லாம் ஈடுகட்டுவது ஒன்றே ஒன்று: ஒரு பெண் முதிர்ந்துவிட்டால், பல பத்தாண்டுகள் ஆண்டு தவறாமல் முட்டையிடுவாள். அதனால் ஆற்றிலிருந்து ஒரு முதிர்ந்த பெண் போனால், அந்த இடத்தை நூறு குஞ்சுகளை விட்டாலும் நிரப்ப முடியாது.

இதிலிருந்து வரும் கேள்வி எளிது. ஆற்றில் இன்னும் பெண்கள் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களை அங்கேயே காப்பாற்றி, கூடுகளுக்குக் காவல் போடுவதுதான் மலிவான வழி, பலன் தரும் வழியும் அதுதான். கம்போடியாவில் ராஜ ஆமை என்று அழைக்கப்படும், பாஸ்காவுக்கு நெருங்கிய உறவான தெற்குப் பட்டாகூருக்கு அப்படித்தான் செய்தார்கள். முன்பு முட்டை எடுத்துக்கொண்டிருந்த கிராமத்தாரையே கூலி கொடுத்துக் காவலுக்கு வைத்தார்கள். மணல்திட்டில் கூடு எங்கே இருக்கும் என்பது அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

மியான்மரில் இரண்டு வழியையும் சேர்த்தார்கள். பர்மிய கூரை ஆமை அழிந்தே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாண்டலேயின் ஒரு புத்தக் கோயில் குளத்திலும், சின்ட்வின் என்ற ஆற்றிலும் சில உயிரோடு இருப்பது தெரிந்தது. ஆற்றில் எஞ்சிய விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள் இடும் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான கரையில் பொரிக்க வைத்தார்கள். குளத்து ஆமைகளையும் பெருக்கினார்கள். 2020 வாக்கில் வளர்ப்பில் ஆயிரம் அளவுக்கு ஆமைகள் சேர்ந்துவிட்டன.

காட்டில் பெண்களே இல்லை, அல்லது இருப்பவை ஒன்றையொன்று சந்திக்க வழியில்லை என்றால் வளர்ப்பிடத்துக்கு வாருங்கள். அப்போதும் இனம் எதனால் அழிந்தது என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கடைசிப் படியில் அது வேண்டியிருக்கும்.

படி 2: மூதாதைகளைச் சேர்ப்பது

திட்டத்தைத் தொடங்கும் முதல் தலைமுறை ஆமைகளை மூதாதைகள் என்று சொல்லலாம். இவற்றை எங்கே தேடுவது? ஆற்றில் மட்டும் தேடினால் போதாது. கோயில் குளங்கள், பழைய பூங்காக்கள், பறிமுதல் செய்து எங்கோ விட்டுவிட்டு மறந்துபோனவை என்று எல்லா இடத்திலும் கேளுங்கள். பெர்த் சதுப்பு ஆமைகூட ஒரு பள்ளிச் சிறுவன் 1953-ல் செல்லப்பிராணிக் காட்சிக்குக் கொண்டுவந்த பிறகுதான் இன்னும் உயிரோடிருப்பது உலகுக்குத் தெரிந்தது.

கிடைத்ததும் மரபணுச் சோதனை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பல பூங்காக்களில் பட்டாகூர் பாஸ்கா என்ற பலகையோடு பல ஆண்டுகள் இருந்த ஆமைகள் உண்மையில் மலேசியா, தாய்லாந்துப் பக்கத்துத் தெற்கு இனம் என்று மரபணு ஆய்வுகளுக்குப் பிறகுதான் தெளிவானது. பலகையை நம்பி ஜோடி சேர்த்திருந்தால் இரண்டு இனங்களும் கலந்து, இரண்டுக்கும் பயனில்லாத குஞ்சுகள் பிறந்திருக்கும்.

எத்தனை மூதாதைகள் வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. உறவில்லாத பத்து ஆமைகள் இருந்தால் இனத்தின் மரபணுப் பன்மையில் ஏறத்தாழ 95 சதவீதம் கைக்கு வந்துவிடும். இருபது இருந்தால் 97.5. மூன்று பெண்கள்தான் இருக்கிறார்கள் என்றால் கைவிட வேண்டியதில்லை. ஆனால் மூவரின் குஞ்சுகளும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் வளர வேண்டும். நிறைய முட்டையிடும் ஒருத்தியின் பிள்ளைகளே குளத்தை நிறைத்துவிட்டால் அடுத்த தலைமுறை முழுக்க அண்ணன் தங்கைகளாகிவிடும். பெண் ஆமைகள் விந்தணுவை உடலில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் ஆணைத் தகப்பன் என்று பதிவேட்டில் எழுதிவிட வேண்டாம், சோதித்து எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வெள்ளம், திருட்டு, நோய் என்று ஏதாவது ஒன்று வந்தால் எல்லாம் ஒரே நாளில் போகும். குறைந்தது இரண்டு இடம், முடிந்தால் மூன்று.

படி 3: தனிமைப்படுத்தல்

2015-ல் ஆஸ்திரேலியாவின் பெல்லிஞ்சர் ஆற்றில் அந்த ஆற்றுக்கே உரிய ஆமை இனம் சில வாரங்களில் பெரும்பகுதி செத்து மிதந்தது. அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் காரணம். நோய் எட்டாத மேல்பகுதியிலிருந்து அவசரமாகப் பிடித்துவந்த சில ஆமைகள்தான் இன்றைய இனப்பெருக்கத் திட்டத்துக்கு வேர். வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் ஆமையையும் நான் அந்த ஆற்றை மனதில் வைத்துத்தான் பார்ப்பேன்.

புதிதாக வருவது எதுவானாலும் மூன்று மாதம் தனித் தொட்டி. அதற்குத் தனி வலை, தனி வாளி, தனி செருப்பு. தொட்டி நீர் பொதுக் குளத்தின் வாய்க்காலில் சேரக்கூடாது. காலை வேலையில் ஆரோக்கியமானவற்றை முதலில் பாருங்கள், தனிமையில் இருப்பவற்றைக் கடைசியில். வரிசையை மாற்றிச் செய்தால் நீங்களே கிருமியைச் சுமந்துபோவீர்கள். சாணச் சோதனை, வாய்ச்சளி மாதிரி, ரத்தம், வாராவாரம் எடை. இதற்கு மேல் விவரம் கால்நடை மருத்துவருடையது.

அடையாளமும் இப்போதே. தோலுக்கடியில் மைக்ரோசிப், ஓட்டின் விளிம்புத் தகடுகளில் சிறு வெட்டுக்குறி, அடிவயிற்று ஓட்டின் நிழற்படம், மூன்றும் வேண்டும். சிப் சில சமயம் வேலை செய்யாது, குறி தேய்ந்துபோகும், படம் பொய் சொல்லாது.

படி 4: குளமும் மணல்மேடும்

குளத்தைப் பற்றிப் பேசுபவர்கள் நீரைப் பற்றியே பேசுவார்கள். ஆழம் வேண்டும், ஆழமில்லாத ஓரம் வேண்டும், வெயில் காய மரக்கட்டை வேண்டும், அழுக்கு நீர் வெளியேறி நல்ல நீர் உள்ளே வர வழி வேண்டும். ஆண்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி செடித் திட்டுகளோ தடுப்புகளோ இருந்தால் சண்டை குறையும். இதெல்லாம் சரி. ஆனால் பெண் ஆமைக்குக் குளத்தில் முக்கியமான இடம் தண்ணீர் அல்ல, கரையில் இருக்கும் மணல்மேடு.

அவளுக்குப் பிடித்த கரை இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு நோய்வாய்ப்படுவாள், அல்லது தண்ணீருக்குள் போட்டுவிடுவாள். தண்ணீரில் விழுந்த முட்டை மூச்சு முட்டி வீணாகும். நான் பார்த்த ஒரு வளர்ப்பிடத்தில் இரண்டு பருவம் இப்படித்தான் போயிற்று. கரையில் கொட்டியிருந்தது கட்டட வேலைக்கான உலர்ந்த மணல். அவள் பின்கால்களால் ஒரு பிடி எடுப்பாள், பக்கச் சுவர் சரிந்து குழி மூடிக்கொள்ளும். மறுபடி எடுப்பாள். விடியும்வரை இப்படியே. கடைசியில் தண்ணீருக்குள் திரும்பிப் போய்விடுவாள்.

எளிய சோதனை ஒன்று. மணல்மேட்டில் உங்கள் கையாலேயே முழங்கை ஆழத்துக்கு, பானை வயிறு மாதிரி உள்ளே அகன்ற குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். சுவர் நிற்க வேண்டும். மேலே காய்ந்திருந்தாலும் ஒரு சாண் கீழே ஈரம் தெரிய வேண்டும். நிற்காவிட்டால் ஆற்று மணலோடு கொஞ்சம் வண்டல் கலந்து, மாலையில் தண்ணீர் தெளியுங்கள். பெரிய பட்டாகூர் பெண்ணின் ஓடு 60 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். அவளுக்கு முக்கால் மீட்டர் ஆழ மணலாவது வேண்டும். மேட்டின் உச்சி குளத்து நீர்மட்டத்தைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், அடைமழையில் கூடு மூழ்கக் கூடாது. பாதி வெயில், பாதி நிழல். எது வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுப்பாள்.

உங்கள் இனத்தின் பழக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் மேடு கட்டாதீர்கள். பெரும்பாலான ஆமைகள் பின்கால்களால் தோண்டும். பெர்த் சதுப்பு ஆமையோ முன்கால்களால் மண்ணைக் கிளறி உள்ளே இறங்கும். அவளுக்கு நீங்கள் ஆற்று மணல் கொட்டிக் கொடுத்து என்ன பயன்?

சுற்றிலும் நாய், கீரி, உடும்பு நுழையாத வேலி. அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

படி 5: தீனி, ஜோடி, ஸ்கேன்

பெர்த் திட்டத்தில் பல ஆண்டுகள் முட்டையே சரியாக வரவில்லை. 1980-களின் இறுதியில் கெரால்ட் குச்லிங் என்ற உயிரியலாளர் பெண் ஆமைகளை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்த்தார். பின்கால் மடியும் பள்ளத்தில் கருவியை வைத்தால், திரையில் முட்டைக் கருக்கள் உருண்டையாகத் தெரியும். முட்டைக் கரு உருவாகத் தொடங்குவதும், போதிய ஊட்டம் இல்லாவிட்டால் உடலே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதும் இப்படிக் கண்ணால் பார்க்கக்கூடியவை ஆயின. தீனியையும் பராமரிப்பையும் திருத்தினார்கள். முட்டை வந்தது. இன்று எந்தத் திட்டத்திலும் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால் இன்குபேட்டர் என்று சொல்ல மாட்டேன், ஸ்கேன் என்பேன்.

தீனி அந்தந்த இனத்துக்கு வேறு. பாஸ்கா பெரும்பாலும் தாவரம் தின்னும். அலையாத்திக் காட்டுக் கனிகள், இலைகள், கூடவே நத்தை, சிப்பி. கீரை, நீர்ச்செடி, பழம் என்று கொடுத்து, முட்டைப் பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பிருந்து சுண்ணாம்புச் சத்தையும் புரதத்தையும் கூட்டுங்கள். ஆனால் ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைத்துவிடாதீர்கள். ஓட்டுக்குள் காலை இழுக்கும்போது தோல் மடிப்பு பிதுங்கி நிற்கிறது என்றால் அது செழிப்பு அல்ல.

ஆண்கள் தயாராகிவிட்டதை நிறமே சொல்லிவிடும். பாஸ்கா ஆணின் தலை கறுத்து, கழுத்து சிவந்துவிடும். பர்மிய கூரை ஆமை ஆணின் தலை பச்சைப்பசேல் என்று மாறும். அந்தப் பருவத்தில் ஆண்கள் பெண்ணை விடாமல் துரத்துவார்கள், கழுத்தைக் கடிப்பார்கள். எட்டு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் அப்படியே ஒரே குளத்தில் விட்டால் அவள் தின்னவும் மாட்டாள், கரையேறவும் மாட்டாள். ஓர் ஆண், இரண்டு அல்லது மூன்று பெண் என்று பிரித்து, சில வாரங்களில் ஆணைத் தனிக் குளத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த ஆண்டு வேறு ஆண்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு யாங்சி மாமெல்லோட்டு ஆமை இருக்கிறது. 2008-ல் சீனாவின் சுஜோ பூங்காவில் நூறு வயதைத் தாண்டியதாகக் கருதப்பட்ட ஆணோடு, எண்பதைத் தாண்டியதாகக் கருதப்பட்ட பெண்ணைச் சேர்த்தார்கள். ஆண்டுதோறும் அவள் முட்டையிட்டாள். ஒன்றிலும் கரு இல்லை. ஆணின் இனப்பெருக்க உறுப்பு பழுதாகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. செயற்கைக் கருத்தரிப்புக்கு ஐந்து முறை முயன்றார்கள். ஐந்தாவது முயற்சிக்கு மறுநாள், 2019 ஏப்ரலில், அவள் இறந்தாள். கருவில்லாத முட்டை இரண்டு பருவம் தொடர்ந்து வந்தால் உடனே ஆணைச் சோதியுங்கள், மாற்றுங்கள். பத்தாண்டு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

படி 6: முட்டையிடும் இரவு

அவள் தீனியைக் குறைப்பாள். கரையோரமாகவே போவாள், வருவாள். ஒரு நாள் மேடேறி மணலை முகர்ந்துவிட்டுத் திரும்புவாள். மறுநாள் அரைகுறையாக ஒரு குழி. இந்த அறிகுறி தெரிந்ததும் குளத்தங்கரையில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். விளக்கு வேண்டாம், கைப்பேசி வெளிச்சமும் வேண்டாம். தூரத்தில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று போதும். எக்ஸ்ரே எடுத்திருந்தால் எத்தனை முட்டை என்பது முன்பே தெரியும். மறுநாள் தோண்டும்போது கணக்குச் சரிபார்க்கலாம். அறிகுறி காட்டிப் பல நாளாகியும் இடாவிட்டால் மருத்துவர் ஆக்சிடோசின் ஊசி போடலாமா என்று முடிவெடுப்பார். அதற்கு முன் மணலைத் திரும்பப் பாருங்கள். பல சமயம் குறை அங்கேதான் இருக்கும்.

இட்டு முடித்ததும் பின்கால்களால் மணலைத் தள்ளி மூடி, சில பெரிய இனங்கள் வயிற்றோட்டால் அடித்து இறுக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் எழுந்து போகாதீர்கள். அவள் தண்ணீரில் இறங்கட்டும்.

படி 7: முட்டையைக் கையாள்வது

ஆமை முட்டைக்குக் கோழி முட்டையின் விதி பொருந்தாது. கோழி முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆமை முட்டையைத் திருப்பினால் கரு செத்துவிடும். இட்ட சில மணி நேரத்தில் கரு மேலெழுந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டத் தொடங்கும். ஒட்டிய பிறகு தலைகீழானால் அது அறுந்துபோகும். அதனால் இட்ட அன்றே எடுங்கள், அது எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அப்படியே எடுங்கள்.

செய்முறை இது. மேல்மணலை விரல் நுனியால் மட்டும் விலக்குங்கள், கரண்டி வேண்டாம். முதல் முட்டையின் வெள்ளை தெரிந்ததும் கையை நிறுத்திவிட்டு, அது கிடக்கும் நிலையிலேயே உச்சியில் மென்மையான பென்சிலால் ஒரு கோடும் எண்ணும் போடுங்கள். பேனா வேண்டாம், மை ஓட்டின் நுண்துளைகளில் இறங்கும். பிறகு இரு விரலால் தூக்கி, கோடு மேலே இருக்கும்படி பெட்டியில் பதியுங்கள். அடுத்தது. இருபது, இருபத்தைந்து முட்டை உள்ள கூட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்படுகிறவரை இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

ஓரிரு நாளில் நல்ல முட்டையின் உச்சியில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு தோன்றும். நாளுக்கு நாள் அது அகன்று இடுப்புப் பட்டை போல் சுற்றிவரும். அந்தத் திட்டைப் பார்த்தால் கரு உயிர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இருட்டறையில் சிறு டார்ச் வைத்துப் பார்த்தால் செந்நிற நரம்புகளும் தெரியும். அப்போதும் திருப்பக் கூடாது. வெளிச்சத்தைத்தான் முட்டையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும்.

பெட்டியில் வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகளும் நீரும் எடைக்குச் சரிசமம். மூடியில் சில துளைகள். பெட்டியை முதல் நாளே எடை போட்டு எழுதிவிடுங்கள்; வாரம் ஒருமுறை மறுபடி எடை போட்டு, எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு நீரை முட்டைமேல் படாமல் ஓரமாக ஊற்றுங்கள்.

வெப்பநிலைதான் பெரிய முடிவு. பல ஆமை இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைப் பொரிப்பு வெப்பநிலையே தீர்மானிக்கிறது. பொதுவாகச் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். நடுவே ஓரிரு டிகிரிக்குள் இரண்டும் கலந்து வரும். மெல்லோட்டு ஆமைகளிலும், கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் ஆஸ்திரேலிய ஆமைகளிலும் இது குரோமோசோம் விஷயம், வெப்பத்தால் மாறாது. உங்கள் இனம் எந்த வகை என்று தெரியாத நிலையில் எல்லா முட்டையையும் ஒரே டிகிரியில் வைத்தால் பத்து ஆண்டு கழித்து ஒரு குளம் நிறைய ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ நிற்கலாம். சில பெட்டிகளை 28 டிகிரியிலும் சிலவற்றை 31 டிகிரியிலும் வையுங்கள். முடிந்தால் ஒரு கூட்டை வேலியிட்டு மணலிலேயே விடுங்கள், அதன் நடுவே ஒரு வெப்பமானியோடு. ஆறு என்ன செய்கிறதோ அதைத் தெரிந்துகொள்ள அதுதான் வழி. 34-ஐத் தாண்ட விடாதீர்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை முட்டை வரும் முன்பே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

பட்டாகூர் இரண்டு மாதத்தை ஒட்டிப் பொரிக்கும். பெர்த் சதுப்பு ஆமைக்கு ஏறத்தாழ ஆறு மாதம். நாள் தாண்டிவிட்டது என்று யாரும் கையில் எடுத்துக் குலுக்க வேண்டாம். பொரிக்காமல் போனவற்றை எறியாமல் பருவத்தின் முடிவில் உடைத்துப் பாருங்கள். உள்ளே வெறும் மஞ்சள் கரு என்றால் குறை ஜோடியில். சின்னக் கரு செத்திருந்தால் எடுக்கும்போது நடந்த தவறு. முழு வளர்ந்த குஞ்சு செத்திருந்தால் ஈரத்திலோ வெப்பத்திலோ குறை. அடுத்த ஆண்டு என்ன மாற்ற வேண்டும் என்பது அந்த அழுகல் வாடைக்குள்தான் இருக்கிறது.

படி 8: குஞ்சு

மூக்கின் நுனியில் உள்ள சிறு முள்ளால் ஓட்டைக் கீறிவிட்டு, ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும். இழுக்காதீர்கள். வயிற்றின் நடுவே மஞ்சள் கருவின் பை வெளியே தெரியும். அது முழுதும் உள்ளே போகும்வரை ஈரத் துணி விரித்த சுத்தமான பெட்டியில் தனித்தனியாக வையுங்கள். பிறகு ஓடு மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர்.

வளர்ப்புக் குஞ்சுகளில் அதிகம் பார்க்கும் கோளாறு மென்மையான ஓடு. வெயில் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று அர்த்தம். கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது. நேரடி வெயில் வேண்டும், இல்லையேல் புறஊதா விளக்கு. நெருக்கமாகவும் வளர்க்காதீர்கள்; வாலைக் கடித்துக்கொள்ளும். எடை, ஓட்டின் நீளம், தாயின் எண், பெட்டி வெப்பநிலை எல்லாம் ஒரே பக்கத்தில். ஒரு குஞ்சுக்கு ஒரு பக்கம்.

கையால் தீனி ஊட்டாதீர்கள். படகுச் சத்தம் கேட்டதும் நீந்தி வரும் ஆமை ஆற்றில் ஒரு மாதம் தாங்காது.

படி 9: ஆற்றுக்குத் திரும்புவது

இப்போது சுவரில் ஒட்டிய அந்தத் தாளைப் பாருங்கள். எதனால் அழிந்ததோ அது இன்னும் அங்கே இருக்கிறதா? வலை இருக்கிறது, நரி இருக்கிறது, நீர் வற்றுகிறது என்றால் அதற்குத்தான் முதலில் வேலை. பெர்த்தில் நரி புகாத வேலி போட்டார்கள். மழை குறைந்து சதுப்பே வற்றத் தொடங்கியதும், 2016-ல் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே, இந்த ஆமை இதுவரை வாழ்ந்திராத ஈரமான இடங்களில் சோதனையாக விட்டார்கள். வழக்கமாக அங்கே மூன்று வயதில், நூறு கிராம் எடையை எட்டிய பிறகே விடுவார்கள்.

விடும் முன் மறுபடி நோய்ச் சோதனை. ஆற்றோரத்தில் மூங்கில் அல்லது வலை அடைப்பில் சில வாரங்கள் வைத்து நீரோட்டத்துக்குப் பழக்குங்கள். வெள்ளக் காலத்தில் விடாதீர்கள். ஆமை எங்கே போகிறது என்று காட்ட ஓட்டில் ஒட்டும் டிரான்ஸ்மிட்டரின் எடை ஆமையின் எடையில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். இளம் ஆமைக்குத் தகடுகள் சேரும் கோட்டின் மேல் பசை பரவினால் ஓடு கோணிக்கொண்டு வளரும், கவனம்.

2022 ஜனவரியில் சுந்தரவனத்தில் பத்து பாஸ்காக்களை டிரான்ஸ்மிட்டரோடு விட்டார்கள். அவற்றில் சில எல்லை தாண்டி வங்கதேசத்துக்குப் போய் மீனவர் கையில் சிக்கின. ஆமைக்கு எல்லை ஏது? அதனால் விடும் இடத்து மீனவரோடு மட்டும் பேசி நிறுத்தாமல், கீழ்ப்பாய்ச்சலில் உள்ள எல்லா ஊர் மீனவரோடும் பேசுங்கள். எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், கையில் எப்படிப் பிடிக்க வேண்டும், வலை கிழிந்தால் ஈடு யார் தருவார் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள்.

விட்டது எத்தனை என்பதை வைத்து வெற்றி என்று அறிவிக்க வேண்டாம். நீங்கள் பொரித்த ஒரு பெண் ஆற்றில் முதிர்ந்து, தானே ஒரு மணல்திட்டைத் தேர்ந்தெடுத்து முட்டையிடும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பத்து, பதினைந்து ஆண்டு ஆகும். திட்டப் பணமோ மூன்று ஆண்டுக்குத்தான் வரும், ஆட்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பதிவேட்டை ஒருவர் கணினியில் மட்டும் வைக்காதீர்கள். கட்டிய நோட்டு ஒன்று, வேறு ஊரில் அதன் பிரதி ஒன்று. முட்டைப் பருவத்தில் மணல்திட்டுக்குப் போகிறவர் பையில் சிப் ரீடர் எப்போதும் இருக்கட்டும். இட்டு முடித்துத் திரும்பும் பெண்ணின் தோள்பக்கம் அதை ஒருமுறை காட்டுங்கள். எண் விழுந்தால் பழைய நோட்டைத் திறந்து, அவள் குஞ்சாக இருந்தபோது தொடங்கிய அதே பக்கத்தில் தேதியையும் திட்டின் பெயரையும் எழுதிவிட்டு, அவள் இட்ட கூட்டுக்கு வேலி போடுங்கள்.